66 வெள்ளிக்கு அச்சுப்பொறி: இணையக் கடையில் கை வைக்கும் முன்…



2003ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி. நள்ளிரவு தாண்டிய நேரம். சிங்கப்பூரில் சிலர் தூங்காமல் கணினி முன் உட்கார்ந்து அச்சுப்பொறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். டிஜிலேண்ட்மால் என்ற நிறுவனம் நடத்திய இணையக் கடையில் 3,854 வெள்ளி விலையுள்ள ஹெச்பி வண்ண லேசர் அச்சுப்பொறி 66 வெள்ளிக்குக் கிடந்தது. நண்பர்கள் ஒருவரையொருவர் எழுப்பிச் செய்தி சொன்னார்கள். கடை அவர்களைத் தடுக்கவில்லை. “உங்கள் கொள்முதல் வெற்றி” என்ற பொருளில் சில நிமிடங்களில் தானாகவே மின்னஞ்சலும் அனுப்பிக்கொண்டிருந்தது.

காலையில் நிறுவனத்தார் விழித்துக்கொண்டபோது 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டிக்கு 3,788 வெள்ளி வித்தியாசம். மொத்தம் 15 மில்லியன் வெள்ளிக்கு மேல்.

இந்த 66 எங்கிருந்து வந்தது? இணையத் திருடர்கள் யாரும் உள்ளே புகவில்லை. ஐந்து நாளைக்கு முன், ஜனவரி 8ஆம் தேதி, ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பல பொருள்களின் விலையை ஒரே நேரத்தில் மாற்ற உதவும் புதிய படிவத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். உதாரணத்துக்காகப் படிவத்தில் சில எண்களை நிரப்பினார்கள். அந்த உதாரணத்தில் இருந்த பொருள் எண், உண்மையில் விற்பனையில் இருந்த அச்சுப்பொறியின் எண். படிவம் நேரே உண்மையான கடைக்குள் ஏறிவிட்டது. ஐந்து நாள் யாருக்கும் தெரியவில்லை.

இதில் ஒவ்வொரு படியையும் தனியாக எடுத்துப் பாருங்கள். பயிற்சி கொடுத்தது தவறா? இல்லை. புதிய வசதி கொண்டுவந்தது தவறா? அதுவும் இல்லை. பயிற்சி நடந்த இடம்தான் தவறு. நடக்கிற கடையின் கல்லாப்பெட்டியில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

ஆறு பேர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் ஆர்டர் செய்தவை மட்டும் 1,606. கொடுக்க வேண்டிய பணம் 105,996 வெள்ளி; பொருளின் சந்தை மதிப்பு 6,189,524 வெள்ளி. 2004இல் உயர் நீதிமன்றத்தில் இதை விசாரித்துத் தீர்ப்பளித்தவர் வி.கே. ராஜா. பின்னாளில் சிங்கப்பூரின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்தவர். வாங்கியவர்களுக்கு அந்த விலை தவறு என்று தெரிந்தே இருந்தது. தெரிந்தே பாய்ந்து எடுத்தார்கள். ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்பது தீர்ப்பு. உண்மை விலை என்ன என்று இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வாங்கியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

“அப்படியானால் கவலையில்லை, தப்பாக விலை போட்டாலும் சட்டம் காப்பாற்றும்” என்று சிலர் நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம். இரண்டாவது வழக்கையும் கேளுங்கள்.

2017 ஏப்ரலில் குவோயின் என்ற சிங்கப்பூர் நிறுவனம் தன் கணினிகளில் சில கடவுச்சொற்களை மாற்றியது. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல வேலை. குவோயின் நடத்தியது பிட்காயின், ஈத்தர் போன்ற மின்னிலக்க நாணயங்களை விற்று வாங்கும் இணையச் சந்தை. வெளிச்சந்தை விலைகளை எடுத்துவந்து தன் சந்தையில் வைக்கும் ஒரு நிரலும் அதில் உண்டு. அதற்குரிய மாற்றத்தைச் செய்ய விட்டுவிட்டார்கள். அந்த நிரலால் வெளிவிலைகளைப் பார்க்க முடியவில்லை. சந்தை வறண்டது. ஏப்ரல் 19ஆம் தேதி, அந்தச் சந்தையில், இன்னொரு நிறுவனத்தின் தானியங்கி நிரல் ஈத்தர் ஒன்றுக்குப் பத்து பிட்காயின் என்ற விலையில் விற்றது. அன்றைய விலையைப் போல ஏறத்தாழ 250 மடங்கு. குவோயின் அந்த வியாபாரத்தைத் தானே ரத்து செய்தது. வழக்கு வந்தது. 2019இல் சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக நீதிமன்றமும் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குவோயின் செய்தது ஒப்பந்த மீறல் என்று கூறின.

ஏன் இந்த வித்தியாசம்? முதல் வழக்கில் வாங்கியவர்கள் மனிதர்கள். “இது தவறான விலை” என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதில் வியாபாரம் செய்தது நிரல். நிரலுக்கு மனம் இல்லை. எனவே நிரலை எழுதியவர் எழுதும்போது என்ன நினைத்தார் என்று பார்த்தார்கள். அவர் யாரையும் ஏமாற்ற எண்ணி அந்த எண்ணைப் போடவில்லை. இன்று விலையைக் கண்காணித்துத் தானே வாங்கும் நிரல்கள் பெருகிவிட்டன. உங்கள் கடையில் 66 வெள்ளிக்கு ஒரு பொருள் கிடந்தால் அதை முதலில் பார்ப்பது மனிதக் கண்ணாக இருக்கும் என்று நிச்சயமில்லை.

ஒத்திகைக்கு ஒரு கடை

நான் பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பூன் லே வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பூன் லே பிளேஸ் சந்தைப் பக்கம் ஒருவர் மசாலைத் தூள் கடை வைத்திருக்கிறார், இணையத்திலும் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு இணையக் கடைகள் வேண்டும். ஒன்று ஊருக்குத் தெரிந்தது. இன்னொன்று அதே போன்ற பிரதி, கடவுச்சொல் போட்டுப் பூட்டியது, தேடுபொறிகளுக்கும் தெரியாதது. இதை ஒத்திகைக் கடை என்று சொல்லலாம். எந்த மாற்றமும் முதலில் அங்கே. பயிற்சியும் அங்கே.

செலவு அதிகமோ என்று பயப்பட வேண்டாம். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் கொண்டு கடை நடத்துபவர்களுக்குத் தளத்தை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பலவும் பிரதி எடுத்துக் கொடுக்கும் வசதியைச் சேர்த்தே தருகின்றன. ஷாப்பிஃபை போன்ற சேவையில், கடையின் தோற்றத்தைப் பிரதி எடுத்து, வெளியிடாமலே திருத்திப் பார்க்கலாம். ஆனால் கவனியுங்கள், அங்கே பிரதியாவது தோற்றம் மட்டும்தான். பொருள்களும் விலைகளும் ஒன்றே. பிரதியில் நின்றுகொண்டு விலையை மாற்றினால் உண்மைக் கடையில் மாறிவிடும். இது பலருக்குத் தெரியாத இடம்.

பிரதியில் மூன்று விஷயம் கட்டாயம். வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் உண்மையானவையாக இருக்கக்கூடாது. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பிரதிதானே என்று விட்டுவிடாது. பணம் செலுத்தும் பகுதி சோதனை நிலையில் இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டணச் சேவை நிறுவனங்கள் பொய்யான அட்டை எண்களைச் சோதனைக்கென்றே தருகின்றன. மூன்றாவது, மின்னஞ்சல். ஒத்திகைக் கடையிலிருந்து போகும் மின்னஞ்சல் எல்லாம் ஒரே பெட்டிக்கு, உங்கள் பெட்டிக்கு, வரும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு நானூறு வீட்டுக்கு “உங்கள் பொருள் புறப்பட்டுவிட்டது” என்று செய்தி போகும்.

எதைச் சோதிப்பது? முழுப் பாதையையும். பொருளைத் தேடு, கூடையில் போடு, தள்ளுபடிக் குறியீடு கொடு, பணம் கட்டு, ரசீது வருகிறதா பார், கையிருப்பு ஒன்று குறைந்ததா பார். இது நேர்வழி. வாடிக்கையாளர்கள் நேர்வழியில் வருவதில்லை. ஒரே ஒரு பொட்டலம் மிச்சமிருக்கும்போது இரண்டு பேர் ஒரே நொடியில் பணம் கட்டுவார்கள். பேநவ் மூலம் பணம் கட்டிவிட்டுத் திரும்பி வராமல் பக்கத்தை மூடிவிடுவார்கள். “சாம்பார்ப் பொடி” என்று ஒருவர் தமிழில் தட்டுவார், இன்னொருவர் அதையே பிரித்து எழுதுவார். ஐந்து வருடப் பழைய கைப்பேசியில் பார்ப்பார்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். இங்கே அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். பூன் லே பக்கம் 64 என்று தொடங்கும். இங்கே உட்கார்ந்து சோதிப்பவர் தன் வீட்டுக் குறியீட்டைத்தான் போட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் குறியீடு 04 என்று தொடங்குகிறது. நிரல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். ஐந்து இலக்கம்தான் மிஞ்சும். பார்சல் எங்கே போகும்? எக்செல் கோப்பில் முகவரிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இதை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். ஆகவே சோதனைக்கு உங்கள் முகவரி மட்டும் போதாது.

விலைக்கு ஒரு வேலி

சோதனை எவ்வளவு செய்தாலும் நாளை ஒருவர் தவறான எண்ணைத் தட்டத்தான் போகிறார். அதற்கு வேலி போட வேண்டும். எந்த விலையும் ஒரே மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால், இரண்டாவது ஆள் ஒருவர் அனுமதி கொடுக்கும்வரை கடை அதை ஏற்கக்கூடாது. வங்கிகளில் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வைப்பது போலத்தான். அதே போல, ஒரே ஆர்டரில் இத்தனைக்கு மேல் வாங்க முடியாது என்று ஓர் உச்சவரம்பு. டிஜிலேண்ட்மால் வழக்கில் இந்த இரண்டில் ஒன்று இருந்திருந்தால்கூடச் சேதம் வேறு அளவில் இருந்திருக்கும். இதற்குப் பெரிய பொறியியல் தேவையில்லை. நாலு வரி நிரல். ஆனால் பல கடைகளில் இது இருப்பதில்லை. ஏன் என்றால், தள்ளுபடி விற்பனை நேரத்தில் இது தொந்தரவாக இருக்கிறதாம்! தள்ளுபடி நேரத்தில்தானே விலையை அதிகம் மாற்றுகிறோம்?

ஐந்து நிலையத்தோடு தொடங்கிய ரயில்

மாற்றம் ஒத்திகையில் தேறிவிட்டது. இனி உண்மைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே அடியாக எல்லாருக்கும் கொடுப்பதா?

நம் பெருவிரைவு ரயிலை நினைத்துப் பாருங்கள். 1987 நவம்பர் 7ஆம் தேதி அது ஓடத் தொடங்கியபோது யோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்தே நிலையங்கள். பிறகு பகுதி பகுதியாகத் திறந்தார்கள். நம் பூன் லே நிலையத்துக்கு 1990 ஜூலை 6ஆம் தேதிதான் ரயில் வந்தது. முதல் திட்டத்தின் கடைசித் துண்டு அது. காத்திருந்த நமக்கு அன்று எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் முதல் ஐந்து நிலையங்களில் எழும் சிக்கல் மற்ற நிலையங்களுக்கு வரும் முன்பே தெரிந்துவிடும்.

மென்பொருளில் இதற்குக் கேனரி வெளியீடு என்று பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சுக்காற்றை அறிய கேனரிப் பறவையைக் கூண்டில் கொண்டுபோவார்கள். பிரிட்டனில் 1986 வரைகூட அந்த வழக்கம் இருந்தது. கடையில் பறவைக்குப் பதில் நூறில் ஒரு வாடிக்கையாளர். அவருக்கு மட்டும் புதிய பக்கம். அரை நாள் பார்த்துவிட்டு நூறில் பத்து, பிறகு பாதி, பிறகு எல்லாரும். அந்த ஒருவர் ஒவ்வொரு முறை வரும்போதும் அதே புதிய பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு தடவை புதிது, ஒரு தடவை பழையது என்றால் கூடையில் போட்டது காணாமல் போகும்.

சின்னக் கடைக்கு நூறில் ஒன்று என்பது ஒரு நாளைக்கு ஓர் ஆள்கூட வராது. அப்போது வேறு வழி: முதலில் வீட்டார், பிறகு பழகிய பத்து வாடிக்கையாளர்கள், பிறகு ஊர்.

இப்படிப் படிப்படியாகப் போகாததால் வந்த வினையை 2024 ஜூலை 19ஆம் தேதி உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் நம் நேரப்படி பகல் 12.09க்கு ஒரு சிறிய மாற்றத்தை எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும்விட்டது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 8.5 மில்லியன் கணினிகள் நீலத் திரையோடு விழுந்துவிட்டன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவு செய்தன. காரணம் என்ன தெரியுமா? மாற்றம் 21 விவரங்களை எதிர்பார்த்தது. கணினியில் இருந்த மென்பொருள் 20தான் கொடுத்தது. சோதனை செய்யவில்லையா என்றால், செய்தார்கள். ஆனால் சோதனையில் அந்த 21ஆவது இடத்தில் “எதுவாக இருந்தாலும் சரி” என்ற குறியைப் போட்டிருந்தார்கள். ஆகவே சோதனை தேறியது. முதலில் சில ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அதன் பிறகுதான் அந்த நிறுவனமும் இத்தகைய மாற்றங்களைப் படிப்படியாக வெளியிடும் முறைக்கு மாறியது.

படிப்படியாகப் போவதிலும் ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்கக்கூடாது. பழையதும் புதியதும் ஒன்றாக ஓடும் காலம் வரும். 2017 நவம்பர் 15ஆம் தேதி, இங்கிருந்து இரண்டே நிலையம் தள்ளி, ஜூ கூனில் நின்றுகொண்டிருந்த ரயிலைப் பின்னால் வந்த ரயில் இடித்தது; 38 பேர் காயமடைந்தனர். துவாஸ் பகுதியில் புதிய சமிக்ஞை முறை, மற்றப் பகுதியில் பழையது. பழுதான ஒரு சமிக்ஞைச் சுற்றைக் கடந்தபோது ரயிலைச் சுற்றியிருந்த மென்பொருள் பாதுகாப்பு தவறுதலாக நீங்கிவிட்டது. அதன் பிறகு, முழுத் தடமும் புதிய முறைக்கு மாறும்வரை ஜூ கூனுக்கும் கல் சர்க்கிளுக்கும் இடையே ரயிலை நிறுத்தி இரண்டையும் பிரித்தே வைத்தார்கள். கடைக்கும் இது பொருந்தும். பழைய பக்கம் எழுதும் ஆர்டரைப் புதிய பக்கம் படிக்க வேண்டும்; புதியது எழுதுவதைப் பழையது படிக்க வேண்டும். இந்த இரண்டையும் தனியே சோதிக்க வேண்டும். பலர் முதலாவதைத்தான் சோதிக்கிறார்கள்.

திரும்பி வரும் வழி

“சரியில்லை என்றால் பழையதை மறுபடி போட்டுவிடலாமே, தம்பி?” என்று கடைக்கார அண்ணன் கேட்பார். கேட்க எளிது. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில் பல வருடமாகத் தூங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. பதறிப்போனவர்கள் புதிய நிரல்தான் காரணம் என்று எண்ணி, சரியாக இருந்த ஏழிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டும் கெட்டது! 45 நிமிடத்தில் ஏறத்தாழ 440 மில்லியன் அமெரிக்க டாலர் போனது. திரும்பி வரும் வழியையும் முன்கூட்டியே நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கடையில் பக்கத்தின் தோற்றத்தைத் திருப்புவது சுலபம். தரவுத்தளத்தைத் திருப்புவது சுலபமில்லை. ஓர் உதாரணம். இதுவரை முகவரியை ஒரே பெட்டியில் எழுதச் சொன்னீர்கள். இனி புளோக் எண்ணுக்கு ஒரு பெட்டி, மாடி-வீட்டு எண்ணுக்கு ஒரு பெட்டி என்று பிரிக்கிறீர்கள். பழைய பெட்டியை அழித்துவிட்டுப் புதியவற்றைப் போட்டால், மதியம் மூன்று மணிக்கு ஏதோ சரியில்லை என்று திரும்பும்போது, காலையிலிருந்து வந்த ஆர்டர்களுக்குப் பழைய பெட்டியில் முகவரி இருக்காது. காலையில் எடுத்த பாதுகாப்புப் பிரதியை ஏற்றினால் அன்றைய ஆர்டர்களே இருக்காது. ஆகவே முதல் வாரம் புதிய பெட்டிகளைச் சேர்க்க மட்டும் செய்யுங்கள். இரண்டிலும் எழுதுங்கள். பிறகு புதியதிலிருந்து படியுங்கள். இரண்டு மூன்று வாரம் ஒரு புகாரும் இல்லை என்றால் பழையதை நீக்குங்கள். மெதுவான வேலைதான், எந்த நாளிலும் திரும்பி வரலாம் என்பது லாபம்.

பாதுகாப்புப் பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை. “தினமும் எடுக்கிறோம்” என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் “கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும்.

நள்ளிரவில் மாறும் வரி

தேதி குறித்துக்கொண்டு வரும் மாற்றங்கள் தனி ரகம். பொருள், சேவை வரி 2023 ஜனவரி 1ஆம் தேதி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. 2024 ஜனவரி 1ஆம் தேதி 9 ஆனது. வரிக்குப் பதிவு செய்த ஒவ்வோர் இணையக் கடையும் அந்த நள்ளிரவில் விலையை மாற்றியாக வேண்டும். வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையே வரி சேர்த்த விலையாக இருக்க வேண்டும் என்பதால், 10 வெள்ளி அடக்கமுள்ள பொருள் 10.80லிருந்து 10.90க்கு எல்லாப் பக்கத்திலும் மாற வேண்டும்.

இதைப் புத்தாண்டு இரவில் கண் விழித்துச் செய்ய வேண்டியதில்லை. இரண்டு விகிதங்களையும் தேதியோடு நிரலில் எழுதி, டிசம்பர் தொடக்கத்திலேயே உண்மைக் கடையில் ஏற்றிவிடலாம். நேரம் வரும்வரை அது தூங்கும். ஒத்திகைக் கடையின் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்துச் சோதிக்கலாம். அங்கே பார்க்க வேண்டியவை சில: டிசம்பர் 31 இரவு 11.58க்குக் கூடையில் போட்டு, 12.03க்குப் பணம் கட்டினால் எந்த விகிதம்? அதற்கு முன் ரசீதும் போகவில்லை, பணமும் வரவில்லை என்றால் 9. டிசம்பரில் 8 விழுக்காட்டில் வாங்கியதை ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால்? 8 விழுக்காட்டில்தான் பணம் திரும்ப வேண்டும்.

இன்னொரு பொறி, கடிகாரம். சர்வர்கள் பல அனைத்துலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அதன் நள்ளிரவு நமக்குக் காலை 8 மணி. கவனிக்காவிட்டால் புத்தாண்டு காலை எட்டு மணிவரை பழைய வரியில் விற்றுக்கொண்டிருப்பீர்கள். குறையும் வரித்தொகை உங்கள் பையிலிருந்து போகும். (1981ஆம் ஆண்டின் கடைசி இரவுவரை நமக்கு அது ஏழரை மணி வித்தியாசம். அன்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அப்போது இணையக் கடை இல்லாதது நல்லதாகப் போயிற்று!)

எப்போது தொடக்கூடாது?

தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் தேக்காவில் நடக்க இடமிருக்காது. இணையக் கடைக்கும் அதுதான் நேரம். அந்த வாரங்களில் கட்டாயமான பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறு எதையும் ஏற்றக்கூடாது. வெள்ளிக்கிழமை மாலையும் வேண்டாம். சனி, ஞாயிறு வாடிக்கையாளர் அதிகம், பார்த்துச் சரிசெய்ய ஆள் குறைவு. செவ்வாய், புதன் காலை நல்லது.

கை வைக்காமல் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான் என்று பெரிய இடத்திலேயே உத்தரவு போட்டிருக்கிறார்கள். 2023இல் டிபிஎஸ் வங்கியின் மின்னிலக்கச் சேவை பல முறை முடங்கியது. மே 5ஆம் தேதி முடங்கியதற்குப் பராமரிப்பு நிரலில் நேர்ந்த மனிதத் தவறு காரணம். அக்டோபர் 14ஆம் தேதி, வாடகைக்கு எடுத்த தரவு மையத்தில் குளிரூட்டும் முறையை மேம்படுத்தும்போது நடந்த பிழையால், இன்னொரு வங்கியோடு சேர்த்து 2.5 மில்லியன் வரையிலான கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம், அவசியமற்ற கணினி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்தி வைக்கும்படி அந்த வங்கிக்கு உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் இறுதியில்தான் அது முடிந்தது.

மாற்றம் ஏற்றிய பிறகு எதைப் பார்ப்பது? கடை திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. டிஜிலேண்ட்மால் கடை ஐந்து நாளும் திறந்துதான் இருந்தது! ஆர்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வழக்கமாக ஆறு வரும் இடத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் பணம் கட்டும் பக்கம் உடைந்திருக்கலாம். அறுபது வந்தால் சந்தோஷப்படும் முன் விலையைப் பாருங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு ஒரே பொருள் நூறு போனால் கைப்பேசி மணி அடிக்கும்படி வைப்பது இன்று எளிது.

ஷாப்பி, லஸாடா போன்ற பொதுச் சந்தைகளில் விற்பவர்கள் “மென்பொருள் எங்களுடையது இல்லை, எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?” என்பார்கள். மென்பொருள் அவர்களுடையதுதான். ஆனால் பல பொருள்களுக்கு ஒரே நேரத்தில் விலை மாற்ற ஒரு எக்செல் கோப்பை நீங்கள்தான் ஏற்றுகிறீர்கள். 2003இல் நடந்ததும் அதே வேலை.

கடையில் நான் ஒரே ஆள், இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது என்றால், வீட்டில் அக்காவோ அம்மாவோ இருப்பார்கள். கோப்பை ஏற்றும் முன் விலைகளை அவர்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். “மிளகாய்த்தூள் ஒரு கிலோ ஒரு வெள்ளி இருபது காசு” என்று காதில் விழுந்தால், கணினி தெரியாதவர்கூட நிமிர்ந்து பார்ப்பார். ஏற்றும் முன் பழைய விலைக் கோப்பை இறக்கி, பெயரில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு வேறொரு கைப்பேசியில், கடைக்காரராக உள்நுழையாமல், வாடிக்கையாளரைப் போலத் தேடிப்போய், மூன்று நான்கு பொருள்களைக் கூடையில் போட்டுக் கட்டணப் பக்கம்வரை போய்ப் பாருங்கள். பொருள் பக்கத்தில் ஒரு விலையும் கூடையில் வேறு விலையும் தெரிந்தால் நம்ப வேண்டியது கூடையில் இருப்பதை. பணம் அந்தக் கணக்கில்தான் வாங்கப்படுகிறது.